தலைவரின் வாயும் விழுந்த ஏவுகணையும்: ராணுவ ரகசியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பிரதமரோ அமைச்சரோ பேச்சுவாக்கில் ராணுவ விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அல்லது ஒரு நாட்டு ஏவுகணை வெடிக்காமல் இன்னொரு நாட்டு வயலில் விழுந்து கிடக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் அடுத்த சில நாள்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள்தான் சுற்றி வருகின்றன. அவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி.

ராணுவ ரகசியம் என்று எதைச் சொல்கிறோம்?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலாவது பொருள். ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், நீர்மூழ்கி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதெல்லாம் இதில் சேரும். இரண்டாவது திட்டம்: எப்போது, எங்கே, யார் மீது. இதற்கு ஆயுள் குறைவு. தாக்குதல் முடிந்த மறுநாள் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. மூன்றாவது வழி, அதாவது எதிரியைப் பற்றி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பது. உடைத்த சங்கேதம், ஒட்டுக்கேட்ட கம்பி, செயற்கைக்கோளின் கண், உள்ளே இருக்கும் ஆள்.

என் கணக்கில் மூன்றாவதுதான் விலை அதிகமானது. தலைவர்கள் அலட்சியமாகக் கொட்டுவதும் அதைத்தான். எதிரியைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறோம், அவ்வளவுதானே என்று அவர் நினைக்கிறார். எதிரிக்குப் போய்ச் சேரும் செய்தி வேறு: 'இது இவருக்கு எப்படித் தெரிந்தது?'

தலைவரே சொல்லிவிட்டால் அது குற்றமாகுமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ரகசிய முத்திரை குத்துவதும் நீக்குவதும் அடிப்படையில் ஜனாதிபதியின் அதிகாரம். அந்த அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே வருகிறது என்று 1988-ல் ஒரு கடற்படை வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 மே மாதம் டொனால்ட் டிரம்ப், வெள்ளை மாளிகைக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவிடம், நட்பு நாடு ஒன்று தந்திருந்த உளவுத் தகவலைச் சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது. பெரிய கூச்சல் எழுந்தது, ஆனால் வழக்காகவில்லை. அணு ஆயுத வடிவமைப்பு மட்டும் 1954 அணுசக்திச் சட்டத்தின் கீழ் தனி வழியில் போகிறது.

இந்தியாவில் அமைச்சர்கள் பதவியேற்கும்போது பதவிப் பிரமாணத்தோடு ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுக்கிறார்கள். அதற்கும் மேல் 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றத்துக்குள் ஒரு உறுப்பினர் பேசியதற்காக அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அரசியலமைப்பின் 105-வது பிரிவு அதற்குக் காவல்.

பிரிட்டனில் 1938-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டங்கன் சாண்டிஸ் என்ற எம்.பி. துணைப்படையில் அதிகாரியாகவும் இருந்தார். லண்டனைக் காக்க வேண்டிய விமான எதிர்ப்புப் பீரங்கிகள் போதவில்லை என்று நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கத் தயாரானார். 'இந்த விவரம் உனக்கு யார் தந்தது' என்று ரகசியச் சட்டத்தைக் காட்டி அவரை மிரட்டினார்கள். நாடாளுமன்றம் கொதித்தது, அந்தச் சட்டப்பிரிவை ஒற்றாடலோடு மட்டும் சுருக்கி 1939-ல் திருத்தம் வந்தது. எதிரிக்குத் தெரியக்கூடாத பலத்தை மறைத்தார்களா, வாக்காளருக்குத் தெரியக்கூடாத பலவீனத்தை மறைத்தார்களா என்பது அன்றைக்கும் சந்தேகம்தான்.

வாய்தவறிச் சொன்னதால் உண்மையிலேயே உயிர் போனதுண்டா?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1943-ல் நடந்தது. ஆண்ட்ரூ மே அமெரிக்கக் கீழவையில் ராணுவ விவகாரக் குழுவின் தலைவர். பசிபிக் போர்முனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஜூன் மாதம் நிருபர்களிடம் பெருமையாகச் சொன்னார்: நம் நீர்மூழ்கிகள் தப்பிப்பதற்குக் காரணம், ஜப்பானியர்கள் தங்கள் ஆழ்கடல் குண்டுகளை மிகக் குறைந்த ஆழத்தில் வெடிக்கும்படி வைப்பதுதான்.

நீருக்குள் போடும் அந்தக் குண்டு எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே திருகி வைப்பார்கள். அமெரிக்கப் படகுகள் அதற்குக் கீழே பதுங்கிக்கொண்டன. அதாவது, எதிரி செய்துகொண்டிருந்த தவற்றை எதிரிக்கே எடுத்துச் சொன்னார் மே. செய்தி நிறுவனங்கள் அனுப்ப, பத்திரிகைகள் அச்சிட்டன. ஹொனலுலுவில்கூட வந்தது.

பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தளபதி சார்லஸ் லாக்வுட், இந்தப் பேச்சால் 10 நீர்மூழ்கிகளும் 800 வீரர்களும் போனார்கள் என்று கணக்குப் போட்டார். இந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஜப்பானியர்கள் பத்திரிகை படித்துத்தான் திருகியை மாற்றினார்கள் என்பதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. அவர்களாகவே கற்றிருக்கவும் முடியும். மே போருக்குப் பிறகு சிறைக்குப் போனார். ஆனால் இதற்காகப் போகவில்லை, ஆயுத ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கியதற்காக.

சங்கேதத்தை உடைத்ததை எந்தத் தலைவராவது தானே வெளியிட்டிருக்கிறாரா?

பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின். 'தவளை தன் வாயால் கெடும்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ராணுவ உதாரணம் எனக்குத் தெரியாது.

1927 மே 12 அன்று லண்டனில் இருந்த சோவியத் வர்த்தக நிறுவனமான ஆர்காஸ் அலுவலகத்தில் போலீஸ் புகுந்து சோதனை போட்டது. பெரிய சதி ஆவணம் சிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. மாஸ்கோவோடு உறவை முறிப்பது என்று முடிவெடுத்தாகிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். பால்ட்வின் எழுந்து சோவியத் தூதரகத்தின் ரகசியத் தந்திகளையே வாசித்தார். பின்னாலேயே வெளியுறவு அமைச்சரும் உள்துறை அமைச்சரும் வாசித்தார்கள்.

அன்றைய விவாதத்தில் அரசு ஜெயித்தது. மாஸ்கோ அமைதியாக ஒரே ஒரு வேலை செய்தது: ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் சாவித்தாள் முறைக்கு மாறியது. அந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றினால் கணிதப்படியே உடைக்க முடியாது. உயர்மட்ட சோவியத் தந்திகள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் லண்டனுக்கு இருட்டாகிப் போயின. சங்கேதப் பிரிவின் தலைவராக இருந்த டென்னிஸ்டன் இதைக் கசப்போடு பதிவு செய்திருக்கிறார். பாவம், ஒரு நாள் கைதட்டலுக்காக அவருடைய பல வருட உழைப்பு போனது.

ஒரு படத்தைக் காட்டினால் என்ன ஆகிவிடும்?

2019 ஆகஸ்ட் 29 அன்று ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ஒரு ராக்கெட் வெடித்துச் சிதறியது. மறுநாள் டிரம்ப் ட்விட்டரில் ஒரு படம் போட்டார். ரகசிய விளக்கக் கூட்டத்தில் காட்டப்பட்ட தாளை யாரோ செல்போனில் எடுத்த மாதிரி இருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம்கூடத் தெரிந்தது.

வெடித்தது ஈரானுக்கே தெரியும். உலகமும் வணிகச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்துவிட்டது. அப்புறம் என்ன ரகசியம்? படத்தின் துல்லியம். அன்று விற்பனைக்குக் கிடைத்த நல்ல படங்களில் ஒரு புள்ளி தரையில் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். இந்தப் படம் 10 செ.மீ. அளவுக்குக் கூர்மையானது என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். அடுத்தது இன்னும் வேடிக்கை. நிழல் விழுந்த கோணத்தையும் ஏவுமேடை நீள்வட்டமாகத் தெரிந்த சாய்வையும் வைத்து, படம் எடுத்த நேரத்தையும் இடத்தையும் கணக்கிட்டு, யுஎஸ்ஏ-224 என்ற வேவு செயற்கைக்கோள்தான் எடுத்தது என்று பொழுதுபோக்கு வானியலாளர்கள் சில நாள்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டிலிருந்தபடி அவர்களால் முடிந்தது என்றால், ஒரு நாட்டின் உளவுத்துறைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்தப் படத்தின் மீதான ரகசிய முத்திரையை 2022-ல்தான் முறைப்படி நீக்கினார்கள்.

வேண்டுமென்றே வெளியிடுவதும் உண்டா?

நிறைய. 'வாய்தவறியது' என்று நாம் நினைக்கும் பலவும் கணக்குப் போட்டுச் சொன்னவை.

1962 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் உளவு விமானப் படங்களை நிறுத்தி வைத்தார். வழி வெளியானது, ஆனால் யு-2 என்ற அந்த உளவு விமானம் பறப்பது 1960-லேயே சோவியத்துக்குத் தெரிந்த கதை. இழப்பு கொஞ்சம், லாபம் பெரிது. பால்ட்வினுக்கும் ஸ்டீவன்சனுக்கும் வித்தியாசம் இதுதான்.

பாகிஸ்தானில் 1994 ஆகஸ்டில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த நவாஸ் ஷெரீப் ஒரு பொதுக்கூட்டத்தில் பாகிஸ்தானிடம் அணுகுண்டு இருக்கிறது என்றார். ஆளும் தரப்பு மறுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1998-ல், அவரே பிரதமராக இருந்து சாகாயில் வெடித்துக் காட்டினார். இஸ்ரேலியப் பிரதமர் எஹூத் ஓல்மர்ட் 2006 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சிப் பேட்டியில் அணு ஆயுத நாடுகளின் வரிசையில் தன் நாட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அலுவலகம் அவசரமாக மறுத்தது. அது நாக்கு புரண்டதா, ஈரானுக்குச் சொன்ன செய்தியா என்று இன்றும் வாதாடலாம்.

2015 நவம்பரில் ரஷ்ய ஜெனரல் ஒருவர் கையில் வைத்திருந்த தாள் தொலைக்காட்சியில் 'தற்செயலாக' தெரிந்தது. அதில் இருந்தது அணுசக்தியில் ஓடும் ராட்சத டார்பிடோவின் வரைபடம். 2017 ஆகஸ்டில் கிம் ஜாங் உன் ஒரு ஆய்வகத்துக்குப் போன படத்தில், பின்சுவரில் இன்னும் சோதிக்காத ஏவுகணைகளின் பெயரோடு வரைபடங்கள் தொங்கின. அந்த நாட்டில் கேமரா தவறுதலாக எதையும் பிடிப்பதில்லை.

கைப்பேசிக் குழுவில் போனதும் இதே வகையா?

2025 மார்ச் 15 அன்று ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் மீது தாக்குதல். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத், விமானங்கள் கிளம்பும் நேரம், டொமாஹாக் ஏவுகணைகள் ஏவப்படும் நேரம் எல்லாவற்றையும் சிக்னல் செயலிக் குழு ஒன்றில் போட்டார். அந்தக் குழுவில் தவறுதலாக ஒரு பத்திரிகை ஆசிரியரும் சேர்க்கப்பட்டிருந்தார். இது இரண்டாவது வகை, திட்டம். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் உயிர்நிலை, அதன் பிறகு வெறும் அரட்டை. பாக்கியம், அந்த இரண்டு மணி நேரத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கவில்லை.

சரி, ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்ன?

வழக்கமாக வரைபடத்திலிருந்து பொருளைச் செய்வோம். இதில் பொருளிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பிப் போகிறோம். கிடைத்த ஏவுகணையைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து, எடை போட்டு, உலோகத்தைச் சுரண்டிச் சோதித்து, மின்சுற்றைக் கோடு கோடாகப் பின்தொடர்ந்து, 'இதை ஏன் இப்படி வைத்தான்' என்று கேட்பது. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைக் கேட்காமல் செய்தால் அது ஈயடிச்சான் காப்பி.

ஈயடிச்சான் காப்பி வேலை செய்யாதா?

ஒருமுறை அசாத்தியமாக வேலை செய்தது. ஏவுகணை இல்லை, விமானம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1944-ல் ஜப்பானிய இலக்குகளைத் தாக்கப் போன அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று, பழுதாகியும் எரிபொருள் குறைந்தும் விளாதிவஸ்தோக் பக்கம் இறங்கின. சோவியத் அவற்றைத் திருப்பித் தரவில்லை. அச்சு அசலாகச் செய், எதையும் மாற்றாதே என்று ஸ்டாலின் விமான வடிவமைப்பாளர் டுப்போலெவுக்குக் கட்டளையிட்டார்.

முதல் இடைஞ்சல் அங்குலம். அமெரிக்கத் தகடு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மி.மீ. சோவியத் ஆலைகளில் அப்படித் தகடே கிடையாது. கொஞ்சம் தடித்ததைப் போட்டால் எடை கூடும். மெல்லியதைப் போட்டால் பலம் குறையும். இடத்துக்கு இடம் வேறு வேறு தடிமன் போட்டு, கடைசியில் மொத்த எடை வித்தியாசத்தை ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்ஜினும் துப்பாக்கிகளும் மட்டும் சொந்தச் சரக்கு. 1947 ஆகஸ்ட் 3 அன்று துஷினோ விமான விழாவில் மூன்று விமானங்கள் பறந்தன. பார்த்துக்கொண்டிருந்த மேற்கத்தியர்கள், நம்முடைய பழைய மூன்றுதான் என்று நினைத்தார்கள். பின்னாலேயே நான்காவது ஒன்று, அதே குடும்பத்துப் பயணிகள் விமானம், வந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

இதில் சோவியத்துக்குக் கிடைத்த பெரிய லாபம் டியு-4 என்ற அந்த நகல் விமானம் என்று நான் நினைக்கவில்லை. அது சீக்கிரமே பழசாகிவிட்டது. தகடு, பிளாஸ்டிக், மின்கருவி, தரச் சோதனை என்று ஒரு தொழில்துறையே அதைச் செய்யும்போது வளர்ந்தது.

ஏவுகணையில் உண்மையாகவே நகல் என்று நிரூபணமானது எது?

சைட்விண்டர், விமானத்திலிருந்து விமானத்தை நோக்கி ஏவும் அமெரிக்க ஏவுகணை. இதில் தலைவர் வாயும் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

1958 செப்டம்பர் 24. தைவான் நீரிணைக்கு மேல் தைவானின் எஃப்-86 விமானங்கள் சீன மிக்-17 விமானங்கள் மீது சைட்விண்டரை ஏவின. வானில் விமானத்தை விமானம் வழிகாட்டு ஏவுகணையால் வீழ்த்திய முதல் போர் அது. அதில் ஒரு ஏவுகணை மிக்கின் உடலில் குத்தி வெடிக்காமல் நின்றது. விமானி அதையும் சுமந்துகொண்டே தளத்துக்குத் திரும்பினார். பரிசு தானாக வீடு தேடி வந்தது.

சோவியத் கேட்டது, சீனா இழுத்தடித்தது. இந்தத் தகராறு நமக்குத் தெரிவதற்குக் காரணம் நிகிதா குருஷ்சேவே. பதவி போன பிறகு ஒலிநாடாவில் பதிவு செய்த நினைவுகளில், சீனர்கள் தர மறுத்ததையும், கடைசியில் தந்தபோது முக்கியமான பாகம் ஒன்று இல்லாமல் இருந்ததையும் புகாராகச் சொல்லியிருக்கிறார். தன் நாடு அமெரிக்க ஏவுகணையை நகலெடுத்ததை நாட்டின் முன்னாள் தலைவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று!

பிரித்துப் பார்த்த சோவியத் பொறியாளர்களுக்கு ஆச்சரியம் அதன் எளிமை. அகச்சிவப்பு உணரி, சிறிய சுற்று, வாலில் ஒவ்வொரு இறகின் நுனியிலும் பல்வெட்டிய ஒரு சின்னச் சக்கரம். காற்று அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். சுழலும் சக்கரம் ஏவுகணை உருளாமல் பிடித்துக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ஏவுகணை கட்டுமானத்தில் ஒரு பல்கலைக்கழகப் படிப்பே கிடைத்தது போல இருந்தது என்று அவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார். விளைவு கே-13 என்ற சோவியத் ஏவுகணை. அதன் விட்டம் 127 மி.மீ., சரியாக 5 அங்குலம். மெட்ரிக் நாட்டில் 127 என்ற எண் யாருக்கும் தானாகத் தோன்றாது.

அந்த கே-13 மிக்-21 விமானங்களோடு இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு வந்தது. சீனா அதிலிருந்து பிஎல்-2 செய்தது. நகலின் நகல்.

பாகிஸ்தானின் பாபர் ஏவுகணை, அமெரிக்க டொமாஹாக்கின் நகலா?

தெரிந்தது இவ்வளவு. நைரோபி, டார் எஸ் சலாம் தூதரகக் குண்டுவெடிப்புகளுக்குப் பதிலடியாக, 1998 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்கா ஆப்கானிஸ்தானிலும் சூடானிலும் சுமார் 75 டொமாஹாக் ஏவுகணைகளை வீசியது. ஆப்கானிஸ்தானுக்குப் போனவை பாகிஸ்தான் வான்வழியாகப் போயின. இந்தியா ஏவியது என்று பாகிஸ்தான் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்க ஜெனரல் ஜோசப் ரால்ஸ்டன் அன்று பாகிஸ்தான் தரைப்படைத் தளபதி ஜஹாங்கிர் கராமத்தோடு இருந்து விஷயத்தைச் சொன்னார். சில ஏவுகணைகள் வழியில் பலுசிஸ்தானில் விழுந்தன. 2005 ஆகஸ்ட் 11 அன்று பாபர் குரூஸ் ஏவுகணையின் முதல் சோதனை. அன்று அப்போதைய ஜனாதிபதி முஷரஃப்பின் பிறந்தநாள் வேறு.

வடிவம் அப்படியே இருக்கிறது, அதனால் நகல் என்பது ஒரு வாதம். சொந்தத் தயாரிப்பு என்பது பாகிஸ்தானின் அதிகாரபூர்வ நிலை. நான் நடுவில் நிற்கிறேன். ஒலியைவிட மெதுவாக, தாழ்வாக, தொலைவு போக வேண்டிய எந்த ஏவுகணையும் நீள உருளையாக, விரியும் சிறகோடுதான் இருக்கும். உலகில் பெரும்பாலான டார்பிடோ குழாய்களின் விட்டம் 533 மி.மீ.; அதற்குள் நுழைய வேண்டும் என்றால் எல்லாமே ஒரே பருமன்தான். ஆனால் கையில் ஒரு டொமாஹாக் கிடைத்தவன் அதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டான் என்று நம்புவதும் கஷ்டம்.

கையில் கிடைத்த பிறகும் ஏன் எல்லாராலும் செய்ய முடிவதில்லை?

உடல் சொல்லாத விஷயங்கள் நிறைய இருப்பதால்.

டொமாஹாக் மாதிரி ஏவுகணையின் இன்ஜின் சுமார் 66 கிலோதான். அதைப் படம் எடுக்கலாம், அளக்கலாம். அதன் டர்பைன் தகட்டின் உலோகக் கலவையையும் ஆய்வகம் சொல்லிவிடும். அந்தக் கலவையை எந்த வெப்பத்தில் வார்த்து, எவ்வளவு மெதுவாக ஆற்றினார்கள் என்பதைத் தகடு சொல்லாது. இந்தியாவின் நிர்பய் ஏவுகணை முதலில் ரஷ்ய இன்ஜினோடுதான் பறந்தது. மாணிக் என்ற சொந்த இன்ஜின் பின்னால் வந்தது. அனுபவமுள்ள நாட்டுக்கே இப்படிச் சின்ன டர்போஃபேன் வகை இன்ஜின் இவ்வளவு காலம் எடுக்கிறது.

மென்பொருளும் அப்படித்தான். தரையின் மேடுபள்ளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி கண்டுபிடிக்கும் ஏவுகணையில் உயரம் அளக்கும் ரேடார் கிடைக்கலாம். ஆனால் உன் இலக்கு இருக்கும் ஊரின் வரைபடம் அதில் இருக்காது. அதை நீயேதான் தயாரிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தோல்விகளின் பதிவு. அசலைச் செய்தவனிடம் எது ஏன் உடைந்தது என்று நூறு அறிக்கைகள் இருக்கும். ஈராக்கைப் பாருங்கள். சோவியத் ஸ்கட் ஏவுகணை 300 கி.மீ. போகும். பாக்தாத்திலிருந்து தெஹ்ரானுக்கு அது எட்டாது. மூன்று ஸ்கட்களை வெட்டி இரண்டாக ஒட்டி, எரிபொருள் டாங்கியை நீட்டி, வெடிமுனையின் எடையைக் குறைத்து, 600 கி.மீ. தாண்டும் அல்-ஹுசைன் செய்தார்கள். போனது உண்மை. ஆனால் எடைச் சமநிலை குலைந்திருந்ததால் 1991 போரில் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது துண்டு துண்டாக உடைந்தது. இதில் ஒரு வேடிக்கை: அப்படி உடைந்து தாறுமாறாக விழுந்ததாலேயே அமெரிக்காவின் பேட்ரியட் தடுப்பு ஏவுகணைகளுக்கு அதைக் குறி வைப்பது கடினமானது.

அப்படியானால் வட கொரியா எப்படிச் சாதித்தது?

பொறுமையாலும் பணத் தேவையாலும். எகிப்திடமிருந்து சில ஸ்கட்-பி ஏவுகணைகள் கிடைத்தன. 1984-ல் தன் நகலைச் சோதித்தது. ஈரான் - ஈராக் போரில் ஈரான் வாங்கியது. விற்ற பணத்தில் ஆலை வளர்ந்தது. ஸ்கட்டைப் பெரிதாக்கி நோடாங் என்ற ஏவுகணையைச் செய்தது. அது பாகிஸ்தானில் கௌரியாக 1998 ஏப்ரலிலும், ஈரானில் ஷஹாப்-3 ஆக அதே ஆண்டு ஜூலையிலும் பறந்தது. பெயர் மட்டும் மாறிய ஒரே வம்சம்.

காப்பியடிப்பது இந்த நாடுகளின் வேலை மட்டும்தானா?

இல்லவே இல்லை. 1944-ல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகளின் சிதைவுகள் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தன. மூன்று வாரத்தில் அதன் இன்ஜினின் நகலை ஓட்டிக் காட்டினார்கள். ஃபோர்டு நிறுவனம் இன்ஜினைச் செய்ய, ஜேபி-2 என்ற பெயரில் அந்த அக்டோபரிலேயே ஏவினார்கள். ஜெர்மனியின் வி-2 ராக்கெட் விஷயத்தில் இன்னும் சௌகரியம்: செய்தவர்களையே கூட்டிக்கொண்டு போனார்கள். சோவியத் அதே வி-2 ராக்கெட்டிலிருந்து ஆர்-1 செய்து 1948-ல் ஏவியது.

இந்தியாவும் விலக்கில்லை. 1970-களில் ஹைதராபாத் ராணுவ ஆய்வகத்தில் 'டெவில்' என்ற பெயரில் சோவியத் எஸ்ஏ-2 விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பிரித்துக் கற்கும் திட்டம் நடந்தது. ஏவுகணையாக அது நிறைவேறவில்லை, மூடினார்கள். ஆனால் அங்கே கற்ற திரவ எரிபொருள் இன்ஜின்தான் 1988 பிப்ரவரியில் பறந்த பிருத்விக்கு அடிப்படை. தோற்ற நகல் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

விழுந்துவிட்டால் எதிரி படிக்காமல் தடுக்க முடியாதா?

தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும் அமைப்பு வைப்பார்கள். எப்போதும் வேலை செய்யாது. விழுந்த இடத்தின் மீதே குண்டு போடலாம். அதுவே இன்னொரு போராகலாம். திருப்பிக் கேட்கலாம். 2011 டிசம்பரில் ஈரானில் சிக்கிய ஆர்க்யூ-170 ஆளில்லா விமானத்தைத் திருப்பித் தரும்படி ஒபாமா வெளிப்படையாகவே கேட்டார். ஈரானில் அதன் பொம்மையைச் செய்து விற்றார்கள். ஒபாமாவுக்கும் ஒன்று அனுப்புகிறோம் என்றார்கள்.

நடைமுறையில் பலிப்பது முன்கூட்டியே செய்யும் வேலைதான்: வெளிநாட்டுக்கு விற்கும் வகையில் திறனைக் குறைத்துவிடுவது. 2025 மே மாதம் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் அதிகம் சிதையாமல் கிடைத்த சீன பிஎல்-15 ஏவுகணைகூட 'இ' என்று முடியும் ஏற்றுமதி வகை. 2022 மார்ச் 9 அன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்த பிரமோஸ் அப்படியில்லை. அது இந்திய விமானப்படையின் சொந்தச் சரக்கு. அதற்காக மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

விலைக்கே வாங்கிவிட்டால்?

உக்ரைனிலிருந்து 12 கேஎச்-55 குரூஸ் ஏவுகணைகள் ஈரானுக்கும் 6 சீனாவுக்கும் 2001 வாக்கில் கள்ளத்தனமாகப் போயிருந்ததை அந்நாட்டு அரசுத் தரப்பே 2005-ல் ஒப்புக்கொண்டது. அதை ஒத்த சூமார் ஏவுகணையை ஈரான் காட்டியது 2015-ல். பொருள் கைக்கு வந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள்!

'நம்மிடமிருந்து திருடிவிட்டார்கள்' என்று ஒரு தலைவர் சொன்னால் நம்பலாமா?

ரஷ்யாவின் ஹைப்பர்சோனிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமான) ஏவுகணை, ஒபாமா காலத்தில் அமெரிக்காவிலிருந்து திருடிய திட்டத்தில் உருவானது என்று டிரம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆதாரம் காட்டியதில்லை. சோவியத் அந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகவே ஆராய்ச்சி செய்துவந்தது. இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் உள்ளூர்ச் சண்டைக்கானது: முந்தைய ஆட்சி தூங்கியது என்று சொல்ல ஒரு வழி. எதிர்த் திசையில், 'நாம் அதைப் பிரித்துப் பார்த்துச் செய்தோம்' என்று பெருமையடிக்கும் தலைவரையும் அதே தராசில் வையுங்கள். தங்கள் பொறியாளர்கள் இருபது ஆண்டு உழைத்ததை ஒரே வாக்கியத்தில் திருட்டுப் பொருளாக்கிவிடுகிறோம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

நான் பார்ப்பது மூன்று. அளவுகள் ஒத்துப்போகின்றனவா, குறிப்பாக 127 மாதிரி விசித்திர எண்கள் வருகின்றனவா? இடையில் எத்தனை ஆண்டுகள் ஓடின? சொன்னவருக்குத் தேர்தல் எப்போது?

வயலில் ஏவுகணைத் துண்டு கிடந்தால் தொட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். வெடிமுனை வெடிக்காமல் இருக்கலாம், மிச்ச எரிபொருள் தோலையும் நுரையீரலையும் அரிக்கலாம். தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் ஊரே செல்பி எடுத்து, வரிசை எண் தெரியும்படி போட்டுவிடுகிறது. எந்த ஆலையில் எந்த ஆண்டு செய்தது என்பது வரை அதிலேயே படித்துவிடலாம்.